எழுத்துக்குக் கனம் கொடுப்பது எப்படி? பழைய பாணி த்ரீடி எழுத்து: வாசகர் கேள்வி பதில்

பழைய கடை போர்டுகளிலும் திருவிழா நோட்டீஸ்களிலும் எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்கும். அந்த மாதிரி எழுத்தை கம்ப்யூட்டரில் (இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இங்க்ஸ்கேப் போன்ற படம் வரையும் சாஃப்ட்வேரில்) வரைவது பற்றி கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ‘முகம்’ என்றால் எழுத்தின் முன்பக்கம். ‘ஷேடு’ என்றால் அதற்குக் கட்டைபோல் கனம் தரும் பக்கவாட்டுப் பகுதி. புகைபோல் மங்கலாக விழும் நிழல் அல்ல. வேறு அளவு சொல்லாத இடங்களில் எழுத்தின் உயரம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழக் கடைக்கு ‘பலாப்பழம்’ என்று த்ரீடியில் போர்டு வரைகிறேன். ஆங்கில எழுத்துக்கு நன்றாக வரும் ஷேடு, தமிழுக்குப் போட்டால் சேறு அப்பியது போல ஆகிவிடுகிறது. எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் வைக்க வேண்டும்? (பண்ருட்டி வாசகர்)

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஷேடு ஆழத்தைத் தண்டின் (எழுத்தின் நேர்கோட்டின்) தடிப்பை வைத்துத் தீர்மானிப்பார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு சரிவராது. தமிழில் சுழிதான் எல்லை. ல, ழ, ண, ன, அ, இ எல்லாவற்றிலும் சுழியோ வளைவோ இருக்கிறது. ஷேடு அதற்குள்ளும் விழும்.

கணக்கைப் பாருங்கள். சுழியின் உள்வட்டம் 10 மி.மீ. அகலம். ஷேடை வலப்பக்கம் 6, கீழே 6 மி.மீ. நகர்த்துகிறீர்கள். சாய்வாக அளந்தால் அது ஏறக்குறைய 8.5 மி.மீ. ஆகவே சுழிக்குள் பின்னணி தெரிய மிஞ்சுவது 1.5 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று மட்டுமே. நீங்கள் சொல்லும் சேறு இந்தக் கீற்றுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பெயின்ட் உரிந்த இடம் மாதிரி தெரியும். அதையே 4, 4 என்று குறைத்தால் சாய்வு நீளம் 5.7; மிஞ்சும் இடைவெளி 4.3 மி.மீ. இப்போது சுழி சுழியாகத் தெரியும்.

ஆக, போர்டில் உள்ள சொல்லிலேயே மிகச் சிறிய சுழியைத் தேடி அளந்துகொள்ளுங்கள். சாய்வு ஆழம் அதன் விட்டத்தில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஆழமான ஷேடுதான் வேண்டும் என்றால் சுழியை முழுக்க ஷேடாலேயே நிரப்பிவிடுங்கள், அதுவும் நன்றாக இருக்கும். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதுதான் கெடுக்கிறது. இன்னொரு வழி எழுத்துருவை மாற்றுவது. இலவசமாகக் கிடைக்கும் ‘அனெக் தமிழ்’ எழுத்துருவில் தடிப்பும் அகலமும் தனித்தனியே மாற்றலாம். எக்ஸ்ட்ரா போல்டிலிருந்து ஒரு படி இறங்கி போல்டுக்கு வந்து, அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால் சுழி திறந்துகொள்ளும்.

கோணம் 45 பாகையே போதும். வலமும் கீழும் ஒரே எண் என்பதால் தப்பு வராது. எந்தக் கோணமானாலும் சொல் முழுவதற்கும் அது ஒன்றேதான். வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது, ஷேடு வலது கீழே போகிறது என்று முடிவு செய்தால் கடைசிப் புள்ளி வரை அப்படியே இருக்க வேண்டும்.

புள்ளி என்றதும், ‘பலாப்பழம்’ என்ற சொல்லில் ப், ம் இரண்டுக்கும் தலையில் புள்ளி இருக்கிறது. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி இருந்து, ஷேடு 4 மி.மீ. கீழே இறங்கினால் மறுபடியும் 1 மி.மீ. கீற்று. எழுத்தைக் கர்வ்ஸாக (டைப் செய்த எழுத்தை வெறும் கோட்டுருவமாக) மாற்றிய பிறகு புள்ளியை மட்டும் எடுத்து மேலே ஏற்றுங்கள். இடைவெளி, ஷேடு இறங்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு ஏற்றுங்கள்.

ஷேடு சரியாக விழுந்ததா என்று பார்க்க ‘ப’ நல்ல எழுத்து. வலது கீழ் ஷேடில் ப-வுக்கு மூன்று சாய்கோடுகள் தெரிய வேண்டும். வலது காலின் மேல் வலது முனையில் ஒன்று, இடது காலின் மேல் வலது முனையில் ஒன்று (இது பெட்டிக்குள் இறங்கும்), இடது கீழ் முனையில் ஒன்று. நான்காவதாக, வலது கீழ் முனையில் பக்கமும் அடியும் சந்திக்கும் பிரிகோடு. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே நீளத்தில் இருந்தால் எழுத்து கட்டையாக நிற்கும். ஒன்று பிசகினாலும் வளைந்த தகரம் மாதிரி ஆகிவிடும்.

நிறத்துக்கு (எண்கள் அச்சு மைகளின் சதவீதம்): முகம் பலாச்சுளை மஞ்சள் (மெஜந்தா 30, மஞ்சள் 95), வலப்பக்கத்து ஷேடு செங்கல் நிறம் (சயான் 15, மெஜந்தா 90, மஞ்சள் 85, கருப்பு 5), அடிப்பக்கத்து ஷேடு அதைவிட இருட்டு (சயான் 30, மெஜந்தா 100, மஞ்சள் 90, கருப்பு 45). அடிப்பக்கத்துக்கு நேராகக் கருப்பை வைக்காதீர்கள். பழைய போர்டுகளின் சூடு அந்த அரக்கு நிறத்தில்தான் இருக்கிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் பிளென்ட் போட்டு ஷேடு செய்தேன். திரையில் சுத்தமாக இருந்தது. பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்ததும் ஓரமெல்லாம் ரம்பப் பல். ஏன்? (டிடிபி கடைக்காரர், லாரன்ஸ் ரோடு, திருப்பாதிரிப்புலியூர்)

பிளென்ட் என்பது தொடர்ச்சியான பரப்பு அல்ல, அடுக்கி வைத்த நகல்கள். 6 மி.மீ. தூரத்துக்கு 20 ஸ்டெப் கொடுத்தால் இரண்டு நகலுக்கு நடுவே வலப்பக்கம் 0.29, கீழே 0.29 மி.மீ. இருக்கும். ஏ4 தாளில் இது தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும்போது ஒவ்வொரு பல்லும் ஏறக்குறைய 3 மி.மீ. ஆகிவிடும்.

எங்கே பல் விழுகிறது என்று உற்றுப் பாருங்கள். வளைவுகளில் பெரும்பாலும் இருக்காது. ப, ட, ம, ர போன்ற எழுத்துகளின் சதுர மூலைகளில்தான் வரிசையாக நிற்கும். வளைவில் அடுத்தடுத்த நகல்கள் ஒன்றையொன்று தழுவிப் போகும். மூலையில் ஒவ்வொரு நகலின் கூர்முனையும் தனியாக வெளியே நீட்டும். அதனால் ஸ்டெப்பை 500 ஆக ஏற்றுவது வைத்தியம் ஆகாது. பல் சிறிதாகும், ஆனால் மறையாது. ‘யுனைட்’ செய்த பின், அதாவது எல்லா நகலையும் ஒரே உருவமாகச் சேர்த்த பின், ஆயிரக்கணக்கில் ஆங்கர் பாயின்ட் (கோட்டைப் பிடித்திருக்கும் புள்ளி) குவிந்து ஃபைல் திணறும். ‘சிம்ப்ளிஃபை’ கொடுத்தால் பல்லோடு சேர்த்து மூலையையும் மழுக்கிவிடும்.

சரியான வழி இது. எழுத்தை டைப் மெனுவில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ கொடுத்து, பாத்ஃபைண்டரில் ‘யுனைட்’ செய்யுங்கள். ஆப்ஜெக்ட், டிரான்ஸ்ஃபார்ம், ‘மூவ்’ போய் வலம் 6, கீழ் 6 கொடுத்து ‘காப்பி’ அழுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே 60 ஸ்டெப் பிளென்ட் போட்டு ‘எக்ஸ்பேண்ட்’, பிறகு ‘யுனைட்’. இதோடு நிறுத்தாமல், ஸ்மார்ட் கைட்ஸைப் போட்டுக்கொண்டு, பல் தெரியும் ஒவ்வொரு மூலையிலும் பென் டூலால் நாலு புள்ளி வையுங்கள்: முன் எழுத்தின் மூலை, பின் நகலின் அதே மூலை, பிறகு பின் நகலில் எழுத்துக்குள் ஒரு புள்ளி, முன் எழுத்துக்குள் ஒரு புள்ளி. இந்த இணைகரம் பல்வரிசையை மூடிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ‘யுனைட்’. ‘கடலூர்’ என்ற சொல்லுக்குப் பத்துப் பதினைந்து மூலைதான் வரும். கை வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி தேடி மிச்சமாகும் நேரத்தை ஃப்ளெக்ஸ் மறுபடி அடிக்கும் செலவு தின்றுவிடும்.

பிளென்டே வேண்டாம், வளைவையும் துல்லியமாக மூட வேண்டும் என்றால் ஒரு உபாயம் உண்டு. முன் எழுத்தையும் பின் நகலையும் குரூப் செய்து 45 பாகை சுழற்றுங்கள், ஷேடின் ஓட்டம் படுக்கையாகிவிடும். இப்போது ஒவ்வொரு வளைவின் உச்சிப் புள்ளியும் அடிப் புள்ளியும்தான் ஷேடு கோடு தொட வேண்டிய இடம். அங்கிருந்து அங்கே படுக்கைக் கோடு போட்டு மூடிவிட்டு, திருப்பிச் சுழற்றுங்கள். ஸ்டிக்கர் கட்டிங் மெஷினுக்குப் போகும் ஃபைல் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். பல் உள்ள ஓரத்தில் கத்தி விட்டு விட்டு இழுக்கும். ஓரம் சரியாக வெட்டுப்படாமல் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும்.

வாடிக்கையாளர் இன்னும் பெயரை இறுதி செய்யவில்லையா? அப்போது அவுட்லைன் ஆக்காமலே மாதிரி காட்டலாம். அப்பியரன்ஸ் பேனலில் புதிதாக ஒரு ‘ஃபில்’ சேர்த்து அடியில் இழுத்துவிடுங்கள். அந்த ஃபில்லுக்கு மட்டும் ‘டிஸ்டார்ட் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம்’ பகுதியில் உள்ள ‘டிரான்ஸ்ஃபார்ம்’ எஃபெக்டைக் கொடுங்கள்: வலம் 0.1, கீழ் 0.1, காப்பீஸ் 60. எழுத்துப்பிழையைத் திருத்தினால் ஷேடும் கூடவே மாறும். எஃபெக்டை மொத்த எழுத்துக்கும் கொடுத்துவிட்டால் முகத்தின் நிறமே அறுபது தடவை விழும், பேனலில் எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். இது மாதிரி காட்டுவதற்கு மட்டும். அச்சுக்கு மேலே சொன்ன வழிதான்.

கோரல் டிராவில் ‘கர்வ்ஸ்’ ஆக்கியதும் ‘பூ’, ‘கு’ போன்ற எழுத்துகளில் கோடு ஏறும் இடத்தில் வெள்ளை ஓட்டை விழுகிறது. ஷேடும் அந்த ஓட்டைக்குள் தெரிகிறது. (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

எழுத்துருவை வரைந்தவர் உயிர்க்குறியையும் மெய்யையும் தனித்தனி வடிவமாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்திருப்பார். கர்வ்ஸ் ஆக்கும்போது இரண்டும் ஒரே பாதையாகச் சேரும். மேலேறிய இடம் ஓட்டையாகக் கணக்காகும். தடிப்பை மாற்றக்கூடிய புதுவகை எழுத்துருக்களிலும் இப்படி மேலேற்றம் சகஜம்.

கன்ட்ரோல் கே அழுத்திப் பிரியுங்கள். பிரித்ததும் சுழிகளும் நிரம்பிவிடும், பயப்பட வேண்டாம். தடித்த உருவங்களை மட்டும் தேர்ந்து ‘வெல்ட்’ (ஒன்றாகச் சேர்த்தல்). பிறகு சுழியின் உள்வட்டங்களைத் தேர்ந்து அவற்றால் ‘டிரிம்’ (வெட்டி எடுத்தல்). ஷேடு போடும் முன் இதை முடித்துவிட வேண்டும். பின்னால் செய்தால் ஷேடையும் சேர்த்துப் பிரித்துக் கட்ட நேரிடும்.

கோரல் 2018 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ‘பிளாக் ஷேடோ’ என்ற டூல் இருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. ஆழமும் கோணமும் எண்ணாகக் கொடுக்கலாம், மூலையில் பல் விழாது. அதில் ‘ரிமூவ் ஹோல்ஸ்’ என்றொரு பொத்தான் உண்டு. முதல் பதிலில் சொன்ன கீற்றுகளை ஒரே தட்டில் நிரப்பும். ஆனால் நன்றாகத் திறந்திருக்கும் சுழியையும் சேர்த்து நிரப்பிவிடும் என்பதால் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்து இடைவெளி பற்றியும் ஒரு வார்த்தை. ஷேடு பக்கத்து எழுத்தின் மேல் ஏறாமல் இருக்க இடைவெளியைக் கூட்டுவோம். மொத்தமாகக் கூட்டினால் ‘லா’வின் காலும் ல-வை விட்டுத் தள்ளிப்போய்த் தனி எழுத்து மாதிரி நிற்கும். ‘கொ’ என்றால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உயிர்மெய்யை ஒரு குரூப் ஆக்கி, குரூப்புகளுக்கு நடுவே மட்டும் கூட்டுங்கள். ஷேடின் கிடைமட்ட அளவில் பாதி கூட்டினால் போதும். அடுக்கு வரிசை முக்கியம்: எல்லா எழுத்தின் ஷேடும் ஒன்றாக வெல்ட் ஆகி அடியில், எல்லா முகமும் மேலே. எழுத்தெழுத்தாக முகமும் ஷேடும் சேர்த்து அடுக்கினால் ஒன்றின் ஷேடு அடுத்ததன் முகத்தை மறைக்கும்.

பணம் கட்டி சாஃப்ட்வேர் வாங்க வசதி இல்லை. இங்க்ஸ்கேப்பில் இது முடியுமா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

தாராளமாக முடியும். இல்லஸ்ட்ரேட்டர் 1987-லும் கோரல் 1989-லும் வந்தவை. இங்க்ஸ்கேப் 2003-ல் வந்த பிள்ளை. ஆனால் யூனிகோடு தமிழைக் கொம்பு பிசகாமல் காட்டுவதில் எந்தச் சிக்கலும் தராது. இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கே ‘பிரிஃபரன்ஸ்’ போய் டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷனைத் தட்டி, பேராகிராஃப் பேனலில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தால்தான் ‘கொ’ ஒழுங்காக விழும்.

எழுத்தை அடித்து, பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, பிறகு அன்குரூப், பிறகு ‘யூனியன்’. இதை ஒரு நகல் எடுத்து ஒதுக்கி வையுங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ‘ஜெனரேட் ஃப்ரம் பாத்’ என்பதற்குள் ‘மோஷன்’ இருக்கும். நீளம், கோணம் இரண்டும் கேட்கும். லைவ் பிரிவ்யூவைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், தலைகீழாகப் போனால் கோணத்தின் குறியை மாற்றுங்கள். இது நகல்களை அடுக்குவதில்லை. பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கப் பலகை செய்து தருகிறது. அதனால்தான் பல் இல்லை.

ஒரே நிற ஷேடு போதும் என்றால் அந்தப் பலகைகளை எல்லாம் ‘யூனியன்’ செய்து, ஒதுக்கி வைத்த முகத்தை மேலே வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு நிறம் வேண்டும் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணுக்குத் தெரியக்கூடாத இடப்பக்கப் பலகை, மேற்பக்கப் பலகைகளும் அதில் கலந்திருக்கும்; சில நேரம் தெரிய வேண்டியதன் மேல் ஏறியும் நிற்கும். அவற்றைத் தேடி நீக்குங்கள். மிஞ்சியவற்றில் கீழ்நோக்கியவற்றுக்கு இருட்டு, வலம் நோக்கியவற்றுக்கு நடு நிறம். வளைவில் எங்கே நிறம் மாறுவது? வளைவு சரியாக 45 பாகை திரும்பும் இடத்தில், அதாவது ப-வின் வலது கீழ் மூலையில் பிரிகோடு விழுமே, அதற்கு ஈடான இடத்தில் வெட்டுங்கள். அங்கே கிரேடியன்ட் போட்டு மழுப்பினால் பழைய பாணி போய்விடும். தூரிகையால் எழுதியவர்கள் அங்கே கத்தி மாதிரி ஒரு கோடுதான் போட்டார்கள்.

அச்சுக்கான நிறப் பிரிப்பில் மட்டும் இங்க்ஸ்கேப் பலவீனம். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, நான்கு வண்ண எண்களைத் தாளில் எழுதி அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒயிட் டவுனில் ஒரு காபிக் கடை. தமிழ், பிரெஞ்சு இரண்டிலும் போர்டு. தெருப் பெயர்ப் பலகை மாதிரி நீலத்தில், த்ரீடி எழுத்து கேட்கிறார்கள். (புதுச்சேரி)

இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த நீலப் பலகைகளின் அழகே தட்டையாக இருப்பதில்தான் இருக்கிறது. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரு வெள்ளைக் கரை, அவ்வளவுதான். அதன் மேல் ஷேடு ஏற்றினால் தெருப் பலகையும் இல்லை, பழைய கடை போர்டும் இல்லை. வாடிக்கையாளரிடம் இரண்டையும் தனித்தனியாக வரைந்து காட்டுங்கள்.

த்ரீடியே முடிவானால்: இரண்டு வரிக்கும் ஷேடு ஆழம் மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கட்டும். பிரெஞ்சு வரி சிறியது என்பதால் விகிதத்தில் குறைக்கத் தோன்றும். குறைத்தால் ஒரே பலகையில் இரண்டு கனத்து மரக்கட்டை ஒட்டியது போல இருக்கும். தமிழ் க-வின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சமமாக வைக்காதீர்கள், அதைவிட ஒரு மட்டம் குறைவாக வைத்தால்தான் கொம்புக்கும் புள்ளிக்கும் மேலே இடம் கிடைக்கும். பிரெஞ்சு ‘கஃபே’யின் கடைசி எழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு உண்டே, அதுவும் நம் புள்ளி மாதிரிதான். அதையும் அதே அளவு மேலே ஏற்றுங்கள்.

பழைய சினிமா டைட்டில் மாதிரி எழுத்து ஒரு புள்ளியை நோக்கிப் பின்வாங்க வேண்டும். கோரலில் இரண்டு வரி போட்டால் இரண்டும் இரண்டு பக்கம் போகிறது. (நெல்லிக்குப்பம்)

எக்ஸ்ட்ரூட் டூலில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி மறைபுள்ளி (எழுத்தின் பக்கங்கள் பின்வாங்கிப் போய்ச் சேரும் புள்ளி) அமையும். முதல் வரிக்கு எக்ஸ்ட்ரூட் போட்டுவிட்டு, இரண்டாம் வரிக்குப் போடும்போது பிராப்பர்ட்டி பாரில் ‘ஷேர்டு வானிஷிங் பாயின்ட்’ தேர்ந்து முதல் வரியின் மேல் கிளிக் செய்யுங்கள். வகை ‘ஸ்மால் பேக்’. நிறத்தில் ‘சாலிட்’ வைத்து, முடிந்ததும் கன்ட்ரோல் கே அடித்துப் பிரித்து, பலகைகளுக்குக் கையால் நிறம் கொடுங்கள்.

மறைபுள்ளி சொல்லின் நடுவில் இருந்தால் நடு எழுத்துக்குப் பக்கமே தெரியாது, ஓரத்து எழுத்துகளுக்கு அளவுக்கு மீறி நீளும். நான்கைந்து எழுத்துச் சொல்லுக்கு இது பொருந்தும். ‘திருப்பாதிரிப்புலியூர்’ மாதிரி நீளச் சொல்லுக்கு மறைபுள்ளியைச் சொல்லுக்கு வெகு கீழே, எழுத்து உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தள்ளி வையுங்கள். பக்கங்கள் கிட்டத்தட்ட சமமாக விழும், படிக்கவும் வரும்.

டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட். முகம் மஞ்சள், ஷேடு அரக்கு. இரண்டுக்கும் நடுவே துணி வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. (அரியாங்குப்பம்)

துணி இழுபடும், ஸ்கிரீன் கொஞ்சம் நகரும். இரண்டு நிறமும் ஒன்றன் மேல் ஒன்று 0.4 மி.மீ. ஏறியிருக்க வேண்டும் (எழுத்து எந்த அளவானாலும் இந்த எண் மாறாது). வழக்கமாக முகத்துக்கு ‘ஆஃப்செட் பாத்’ போட்டுப் பெரிதாக்குவார்கள். அப்படிச் செய்தால் ஷேடே இல்லாத இடது மேல் ஓரமும் வீங்கிவிடும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். முகத்தை நகல் எடுத்து, ஷேடு போகும் திசைக்கு எதிர்த்திசையில், இடம் 0.4, மேல் 0.4 மி.மீ. நகர்த்துங்கள். அந்த நகலால் ஷேடை ‘மைனஸ் ஃப்ரண்ட்’ செய்யுங்கள், அதாவது நகல் மூடிய பகுதியை ஷேடிலிருந்து வெட்டி எடுங்கள். இப்போது ஷேடு, தான் முகத்திலிருந்து கிளம்பும் பக்கத்தில் 0.4 மி.மீ. உள்ளே வந்திருக்கும், இடது மேல் வெளி ஓரம் வீங்கியிருக்காது. முதலில் மஞ்சளை அடித்து, அது காய்ந்த பின் அரக்கு. இருட்டு நிறம் வெளிச்ச நிறத்தின் மேல் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. மாற்றி அடித்தால் மஞ்சள் ஓரத்தில் அழுக்குக் கோடு விழும்.

ஃபைபர் படகுக்குப் பெயர் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்து, ஸ்டிக்கர் ஸ்டென்சில் வெட்டி, எனாமல் பெயின்ட் அடிக்கலாம் என்று யோசனை. மூக்கின் இரு பக்கமும் ஒரே டிசைன் போதுமா? (கடலூர் முதுநகர்)

இரண்டு ஸ்டென்சில் வேண்டும். முதலாவது, முகமும் ஷேடும் சேர்ந்த முழு வெளியுருவம். அதை இருட்டு நிறத்தில் முழுக்க அடித்துவிடுங்கள். ஓர் இரவு காய்ந்த பின் இரண்டாவது ஸ்டென்சிலை ஒட்டி முகத்தை மட்டும் அடியுங்கள். அடியில் ஏற்கெனவே இருட்டு நிறம் இருப்பதால் இடைவெளி விழ வழியே இல்லை. மஞ்சள் எனாமல் இருட்டின் மேல் மூடாது, அடியில் ஒரு கோட் வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டென்சிலிலும் ஒரே இடத்தில் இடமும் வலமும் ஒரு கூட்டல் குறி வெட்டிவையுங்கள், பொருத்துவதற்கு அதுதான் அடையாளம். சுழிகளின் உள்வட்டம் தனித்தீவாக உதிரும் என்பதால் டிரான்ஸ்ஃபர் டேப்போடு சேர்த்துத்தான் எடுத்து ஒட்ட வேண்டும்.

பெயின்ட் வேலைக்கு முன், படகில் படிந்த உப்பைப் போக்க நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேயுங்கள். வழவழப்பான ஃபைபர் மேல் நேராக அடித்தால் பெயின்ட் தோல் தோலாக உரியும். எழுத்து 200 மி.மீ. உயரம், ஷேடு 10, 10 மி.மீ. போதும். கரையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

ஸ்டென்சிலுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றால், ஒரிஜினல் அளவில் ஏ4 தாள்களாகப் பிரித்து அச்செடுத்து, 5 மி.மீ. ஏற்றி ஒட்டி, கோட்டின் மேல் ஊசியால் 3 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு, துணியில் கட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினால் புள்ளிக்கோடு படகில் இறங்கும். பிறகு தூரிகை. மூக்குப் பகுதியின் வளைவில் ஸ்டிக்கர் சுருங்கும், தாள் அவ்வளவு அடம் பிடிக்காது.

இரு பக்கத்துக்கும் ஒரே டிசைன் போட்டாலும் தப்பில்லை. ஆனால் ஷேடு இரண்டு பக்கமும் பின்னோக்கி, இன்ஜின் பக்கமாகப் போனால் படகு முன்னால் பாய்வது போலத் தெரியும். இடப்பக்கத்தைப் பார்த்து நின்றால் மூக்கு உங்கள் இடது கையில் இருக்கும். அங்கே ஷேடு வலது கீழே. வலப்பக்கத்தில் மூக்கு வலது கையில்; அங்கே ஷேடு இடது கீழே. இதற்காக டிசைனை ‘மிரர்’ செய்துவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும். முகத்தை அப்படியே வைத்து, ஷேடின் கிடைமட்ட எண்ணை மட்டும் 10-லிருந்து மைனஸ் 10 ஆக்கி, ஷேடைப் புதிதாக எடுங்கள். சுழிகளில் கீற்று விழும் இடம் இப்போது மாறியிருக்கும். வெட்டக் கொடுக்கும் முன் அதை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.